நரி விரட்டினால் விரட்டட்டும்

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது இது. தலைப்பிள்ளை, பையன், பிறந்து 70 நாள். பகலில் பக்கத்தில் மிக்ஸி ஓடினாலும் அசையாமல் தூங்குகிறான். ராத்திரி பதினொரு மணிக்கு விழித்தால் விடியும்வரை மணிக்கொரு தரம் பால் கேட்கிறான். தூக்கத்தில் முனகுகிறான், முகத்தைச் சுளிக்கிறான், திடீரென்று சிரிக்கிறான். "பால் பத்தலை, ஒரு வேளை பாட்டில் பால் கொடு, கொஞ்சம் ஜாதிக்காய் உரசி வை" என்கிறார் மாமியார். கைப்பேசியில் பார்த்த வீடியோவிலோ, தனியாகப் படுக்கவைத்து அழவிட்டால் தானாகத் தூங்கப் பழகிவிடும் என்கிறார்கள். "யார் சொல்றதைக் கேட்கிறது சிஸ்டர்?" என்று முடித்திருக்கிறார்.

தொண்டியிலிருந்து மண்டபம் வரை கடற்கரை ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கேள்வி வராத வீடு குறைவு. நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பையன் நன்றாகத்தான் இருக்கிறான். ராத்திரி விழிப்பதால் ஒரு பிள்ளைக்குக் கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை. தூங்கவைக்கிறேன் என்று பெரியவர்கள் செய்யும் வேலைகளால் கெடுதல் வந்து பார்த்திருக்கிறேன், ஒரு தடவை இரண்டு தடவை அல்ல.

முதலில் அந்தச் சிரிப்பும் சுளிப்பும். எங்கள் பக்கம் இதை 'நரி விரட்டுது' என்பார்கள். கனவில் நரி வந்து "உங்கம்மா செத்துப்போனா" என்று சொல்லுமாம், பிள்ளை உதட்டைப் பிதுக்கும். "இல்லை, இருக்கா" என்று சொல்லுமாம், சிரிக்கும். அழகான கதை, நானும் என் பேத்திக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதைக் கேட்டுவிட்டு, பிள்ளை ஏதோ பயந்து தூங்குகிறது, சரியான தூக்கமே இல்லை என்று நினைக்க வேண்டாம். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இப்படித்தான் இருக்கும். கண் இமைக்குள் உருளும், கை கால் துள்ளும், முனகும், உறிஞ்சுவதுபோல வாய் அசையும். பெரியவர்களுக்கும் இந்த வகைத் தூக்கம் உண்டு, நம் இரவில் அது நாலில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். பிள்ளைக்கு இது மூளை வேலை செய்கிற நேரம்.

அம்மாமார் செய்கிற தப்பு இங்கேதான் தொடங்குகிறது. முனகல் கேட்டவுடனே விளக்கைப் போட்டு, தூக்கி, மார்பில் வைத்துவிடுகிறோம். பாவம், அது தூங்கிக்கொண்டுதான் இருந்தது. நாம்தான் எழுப்பிவிட்டோம். நமக்கு ஒரு தூக்கச் சுற்று ஒன்றரை மணி நேரம் என்றால் பிள்ளைக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் லேசாக மேலே வந்து மறுபடி அமிழும். முனகினால் ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். கண் திறந்து, தலையைத் திருப்பி, கையை வாய்க்குக் கொண்டுபோனால் பசி. இல்லையென்றால் அதுவே அமிழ்ந்துவிடும்.

மூச்சையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு இதற்குத்தான் எனக்குப் போன் வரும். பச்சைப் பிள்ளைகள் வேகமாக நாலு மூச்சு விட்டு, ஐந்து பத்து விநாடி நிறுத்தி, மறுபடி தொடங்கும். இந்த வயதில் இது இயல்பு. இருபது விநாடிக்கு மேல் நின்றாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ அது வேறு கதை, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய கதை.

சரி, பகல் ராத்திரி மாறிப்போனது. வயிற்றுக்குள் இருந்தவரைக்கும் உங்கள் உடம்பில் இரவு சுரக்கும் மெலட்டோனின்தான் அவனுக்கும் இரவைச் சொன்னது. பிறந்ததும் அந்தக் கயிறு அறுந்தது. சொந்தமாக இரவு பகல் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். உங்கள் பையனுக்கு இப்போதுதான் அந்தப் பருவம் தொடங்குகிறது. 'பகலில் தூங்கவிடாமல் வைத்திரு, ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்குவான்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தூக்கம் கெட்ட பிள்ளை இன்னும் அதிகமாகத்தான் அழும். பகலில் தூங்கட்டும், ஆனால் வெளிச்சத்தில் தூங்கட்டும். காலையில் திண்ணையில் அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வெயில் மேலே படவேண்டாம், வெளிச்சம் போதும். வீட்டில் பேச்சும் பாத்திரச் சத்தமும் வழக்கம்போல இருக்கட்டும். வயிற்றுக்குள் உங்கள் இதயமும் ரத்த ஓட்டமும் போட்ட சத்தத்தில் தூங்கியவன் அவன், பாலத்து ரயில் சத்தமெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டில்லை. ராத்திரியில் மட்டும் மங்கல் விளக்கு, பேச்சில்லாத பால், கொஞ்சல் இல்லை. கைப்பேசி வெளிச்சமும் வேண்டாம். நம் ஊர்களில் ஒரு சிக்கல் உண்டு. கடலுக்குப் போகிற வீட்டில் விடியும் முன்பே ட்யூப்லைட் எரியும், அடுப்புப் பற்றும், நாலு பேர் வந்து போவார்கள். பிள்ளை படுக்கிற பக்கத்தில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டுங்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

இனி பால். ராத்திரி அடிக்கடி விழித்தால் பால் பத்தவில்லை என்று முடிவுகட்டுவதைப்போல ஒரு தவறான கணக்கு கிடையாது. தாய்ப்பால் இரண்டு மணி நேரத்துக்குள் செரித்துவிடும். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தரம் குடிப்பது வழக்கம், அதில் மூன்று நாலு ராத்திரியில் வராமல் எங்கே போகும்? பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாக இருக்கிறது. ராத்திரிப் பாலை நிறுத்தி பாட்டில் கொடுத்தால், இல்லாத பற்றாக்குறையை நாமே உண்டாக்குகிறோம். அப்புறம் பாட்டிலைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். குழாயில் உப்புத் தண்ணீரும், குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் குடிதண்ணீருமாக இருக்கிற ஊரில் அந்தப் பாட்டில் எப்படிச் சுத்தமாகும் என்று யோசியுங்கள். வயிற்றுப்போக்கோடு என்னிடம் வந்த கைப்பிள்ளைகளில் பாதிக்குமேல் பாட்டில் பிள்ளைகள்.

பால் போதுமா என்று தெரிய வேண்டுமா? ஈரத்துணியை எண்ணுங்கள். 24 மணி நேரத்தில் ஆறு தரத்துக்குக் குறையாமல் மூத்திரம் போனால் போதும். எடையைப் பாருங்கள். முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறவேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் மாமியாரிடம் எடை எழுதிய அட்டையைக் காட்டுங்கள், வாய்ச்சண்டை வேண்டாம். ஆறு மாதம்வரை தண்ணீர்கூடத் தேவையில்லை, சித்திரை வெயிலிலும்தான். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். கேப்பைக் கூழைக் கரைத்துப் புகட்டினால் வயிறு கனத்துத் தூங்கும் என்பதும் அப்படித்தான். தூக்கம் பெரிதாக நீளாது, மந்தம்தான் மிஞ்சும்.

ஜாதிக்காய்க்கு வருகிறேன். இதில் மட்டும் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். உரைமருந்து என்று ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, சுட்ட வசம்பு எல்லாவற்றையும் கல்லில் இழைத்து நாக்கில் தடவுவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. 'நாங்களெல்லாம் அதைத் தின்றுதானே வளர்ந்தோம்' என்ற பதிலும் எனக்கு மனப்பாடம். ஜாதிக்காயில் மிரிஸ்டிசின் என்ற பொருள் இருக்கிறது. கூடினால் மயக்கமும் படபடப்பும் வலிப்பும்கூடக் கொண்டுவரும். பிள்ளை தூங்கவில்லை, மயங்கிக் கிடக்கிறது. கல்லில் உரசுவதற்கு என்ன அளவு? ஒரு பாட்டி இரண்டு இழை இழைப்பார், இன்னொருவர் பத்து. நாலு கிலோ உடம்புக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதா? வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர், ஆனால் அதிலிருக்கும் பீட்டா அசரோன் என்ற நச்சுப் பொருள் காரணமாக அமெரிக்காவில் 1968-லேயே உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். கசகசா அபினிச் செடியின் விதை, அதை ஊறவைத்த தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுப்பதைப் பற்றி நான் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வீட்டில் நாலு மாதப் பெண் பிள்ளை. முதல் நாள் சாயங்காலம் உரசிக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் நான் தடுப்பூசிக் கணக்கு எடுக்கப் போனபோது, "இன்னைக்கு அருமையாத் தூங்குறா சிஸ்டர், பாலுக்குக்கூட எழுந்திருக்கலை" என்று அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். உள்ளங்காலைச் சுண்டினேன், முகம்கூடச் சுளிக்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்துவிட்டாள். அந்தப் பாட்டி அதற்கப்புறம் ஜாதிக்காயைப் பிரியாணிக்கு மட்டும் வைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, பேத்தி மேல் இருந்த ஆசையில் செய்ததுதான்.

கடையில் வாங்கினால் பத்திரம் என்றும் நினைக்காதீர்கள். கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தில் வந்தபோது அதில் சாராயமே இருந்தது, பிள்ளை ஏன் அமைதியானது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இப்போது வருவதில் அது இல்லாவிட்டாலும் தூக்கத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சளி மருந்து கொடுத்துத் தூங்கவைக்கிற வழக்கம் அதைவிட மோசம். குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது. தேனும் ஒரு வயதுவரை வேண்டாம், பிறந்ததும் நாக்கில் இனிப்புத் தொட்டுச் சேனை வைப்பதும் அதில் சேர்த்தி.

எப்படிப் படுக்கவைப்பது? மல்லாக்கத்தான். மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் புரையேறிவிடும் என்று படித்தவர்கள்கூடப் பயப்படுகிறார்கள். உண்மை நேர்மாறு. மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும், கக்கிய பால் கீழே உள்ள குழாய்க்குத்தான் திரும்பும். குப்புறக் கிடந்தால் மூச்சுக்குழாய்தான் கீழே. குப்புறப்போட்டால் நன்றாகத் தூங்குகிறது என்பது மெய்தான், அந்த ஆழ்ந்த தூக்கத்தில் மூச்சுக்குத் திணறினால்கூட விழிப்பு வராது என்பதுதான் பயமே. இங்கிலாந்தில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் 'மல்லாக்கப் படுக்கவையுங்கள்' என்று பிரசாரம் தொடங்கியபின், தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. மண்டை தட்டையாகும் என்ற கவலைக்கு, விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள். கடுகுத் தலையணையும் வேண்டாம், எந்தத் தலையணையும் வேண்டாம். நம் பனை ஓலைப்பாயில் ஒரு பருத்தித் துணியை மடிப்பில்லாமல் விரித்தால் அதைவிட நல்ல படுக்கை கிடையாது. பஞ்சு மெத்தை வாங்கவில்லையே என்று ஏங்குகிற அம்மாக்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சேலைத் தொட்டில் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் நிச்சயம் கட்டியிருப்பீர்கள். தொட்டிலைக் கழற்று என்று நான் சொல்லப்போவதில்லை. ஆட்டமும் தாலாட்டும் பிள்ளைக்கு வேண்டியவை. ஆனால் சேலை குழிந்து பிள்ளையை வில்லாக வளைக்கிறது. மோவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சுப் பாதை மடங்கும், சொல்லக்கூட அதற்குத் தெரியாது. குறைமாதப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை என்றால் இன்னும் கவனம். முகம் உங்கள் கண்ணில் படும்படி இருக்கிற நேரத்துக்கு மட்டும் தொட்டில். சேலை மூடிக்கொள்ளாமல் நடுவில் குறுக்குக்கட்டை இருக்கட்டும். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையவேண்டும். ராத்திரித் தூக்கம் பாயில். புரள ஆரம்பித்துவிட்டால் தொட்டிலை மூட்டை கட்டிவிடுங்கள்.

இன்னொன்று, இது கடற்கரைக்காரர்களுக்கு மட்டும். உப்புக்காற்றில் கொக்கி துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் அடித்துப் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே அரித்திருக்கும். கரையோரத் தகரக் கூரை வீடு ஒன்றில் தொட்டிலோடு கொக்கி முறிந்து விழுந்தது. கீழே பாட்டி மடித்துவைத்த மெத்தை இருந்ததால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. வலைக்குப் பயன்படும் நைலான் கயிற்றில் கட்டினால் முடிச்சு வழுக்கும், இழுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கவையுங்கள். தொட்டிலைத் தரைக்கு நெருக்கமாகக் கட்டுங்கள். (காலித் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்பதை நான் நம்புவதில்லை. ஆனால் அதைச் சொல்லித்தான் மூத்த பிள்ளைகளைத் தொட்டில் பக்கம் போகாமல் விரட்டமுடியும்.)

கொசுவுக்கு வத்திச்சுருள் வேண்டாம். ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள் 75-லிருந்து 137 சிகரெட் வரைக்கும் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வலை கட்டுங்கள். குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை போடுவதும் இதே கணக்கில்தான் வரும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால் நன்றாகத் தூங்கும், சந்தோஷம். மூக்கில் எண்ணெய் விடுவதும் ஊதுவதும் மட்டும் கூடவே கூடாது, அது நுரையீரலுக்குள் போகும். வாடைக்காற்றுக்குப் பயந்து குல்லா, கையுறை, காலுறை, மேலே ஒரு போர்வை என்று மூட்டையாகக் கட்டுவார்கள். வெளியே போகும்போது குல்லா போடுங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். தலை வழியாகத்தான் பிள்ளையின் சூடு இறங்கும். உள்ளங்கை சில்லென்றிருப்பதை வைத்துக் குளிர் என்று முடிவெடுக்காமல் பிடரியைத் தொட்டுப் பாருங்கள்.

விளக்கு வைக்கிற நேரத்து அழுகைக்குக் கண்ணேறு என்பார்கள். பிள்ளை அழுகை பிறந்து ஆறு வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தணியும். அது பெரும்பாலும் சாயங்காலத்தில் கூடும். உங்கள் பையன் உச்சத்தைத் தாண்டிவிட்டான். மிளகாய் சுற்றிப் போடுங்கள், பள்ளிவாசலில் ஊதிக்கொண்டு வாருங்கள், ஜெபம் பண்ணுங்கள், எதற்கும் நான் குறுக்கே நிற்கமாட்டேன். எல்லாச் சாதி மதத்துப் பிள்ளையும் மஃரிப் என்கிற அந்தித் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் படியில் நிற்பது இந்தக் கரையில் எனக்குப் பிடித்த காட்சி. போவதற்கு முன்னால் உடம்பு சுடுகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

அந்த வீடியோ. தனி அறை, தனிக் கட்டில் இருக்கிற வீடுகளுக்குச் செய்தது அது. அந்த முறையைச் சொல்லிக்கொடுப்பவர்கள்கூட நாலு மாதத்துக்கு முன்னால் பெரும்பாலும் தொடங்கமாட்டார்கள். 70 நாள் பிள்ளையை அழவிட்டால் தூங்கப் பழகாது, கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொள்ளும், அவ்வளவுதான் என்பது என் அபிப்பிராயம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே குறைந்தது ஆறு மாதம் பெற்றோர் படுக்கிற அறையிலேயே பிள்ளை தூங்கவேண்டும் என்கிறது. ஆனால் ஒரே படுக்கையில் வேண்டாம் என்றும் சொல்கிறது. ஆகவே உங்கள் பாயை ஒட்டி அவனுக்கு ஒரு சின்னப் பாய், உங்கள் பக்கம். இருவருக்கும் நடுவில் வேண்டாம். குடித்துவிட்டோ பீடி பிடித்துவிட்டோ வந்து படுப்பவர் இருந்தால் அவர் திண்ணையில் படுக்கட்டும். இதைச் சொல்ல எந்த வீட்டிலும் நான் கூச்சப்பட்டதில்லை.

கீழே வைத்ததும் முழித்துக்கொள்கிறான் என்றால், ஜப்பானில் 2022-ல் பார்த்த ஒரு வழி இருக்கிறது. அழுகிற பிள்ளையை ஐந்து நிமிடம் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். தூங்கியதும் உடனே கிடத்தாமல் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டு அப்புறம் படுக்கவைக்கவேண்டும். படுக்கையில் முதுகு படும்போது அல்ல, அம்மா உடம்பை விட்டுப் பிரியும்போதே அது உஷாராகிறதாம். நம் ஆச்சிகள் இதைக் கடிகாரம் பார்க்காமல் செய்தார்கள்.

எப்போது முழு ராத்திரியும் தூங்குவான் என்று அடுத்த கேள்வி வரும். கனடாவில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 38 பேர் தொடர்ந்து ஆறு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 பேர் அப்படித்தான். அதனால் அவர்களின் வளர்ச்சி பின்தங்கியதாகவும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆறு மாதத்திலேயே விடியவிடியத் தூங்குகிறது என்று யாராவது சொன்னால், ஒன்று அது அந்த நூறில் மற்ற 62-இல் ஒன்று, இல்லை அந்த அம்மா அசந்து தூங்கிவிட்டார்.

பயப்படவேண்டியது தூங்காத பிள்ளைக்கு இல்லை, எழுப்பினாலும் எழாத பிள்ளைக்கு. பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தால், மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால், இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு நிமிடத்துக்கு 60-க்கு மேலும் உங்கள் பையன் வயதில் 50-க்கு மேலும் மூச்சு ஓடினால், விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், வலிப்பு வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

உங்கள் தூக்கத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார் என்றால் போன மறுநாள் காலையில்தான் கரை வருவார், வந்ததும் அடித்துப்போட்டதுபோலத் தூங்குவார், தெரியும். ஆனால் சாயங்காலம் எழுந்து டீ குடித்தபின் ஒரு மணி நேரம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைப்பக்கம் நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்த ஒரு மணி நேரம் துணி துவைக்காமல் படுங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் அவருக்கு ராத்திரி வேலையும் இல்லை. துணி மாற்றுவது, தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது எல்லாம் அப்போது அவர் கணக்கில் எழுதிவிடுங்கள்.